ஐஎஸ்ஓ நல்லது, ஹேஷ் மட்டும் ஒட்டவில்லை: எங்கே கெடுகிறது என்று பார்ப்பது எப்படி

சிடியில் எரித்த ஐஎஸ்ஓ (ஒரு முழு டிஸ்க்கை ஒரே கோப்பாக வைத்த இமேஜ்) ஒழுங்காக பூட் ஆகிறது. மன நிம்மதிக்காக அதே டிஸ்க்கைத் திரும்பப் படித்து ஷா256 முறையில் ஹேஷ் (பைட்களை வைத்துக் கணக்கிடும் அடையாள எண்) எடுத்தால், வெளியிட்டவர்கள் கொடுத்த எண்ணோடு துளியும் ஒட்டவில்லை. டிஸ்க் போச்சு என்று ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை எரிப்பார்கள். அதுவும் ஒட்டாது. மூன்றாவதும் ஒட்டாது. மூன்று டிஸ்க்கிலும் ஒரு குறையும் இருக்காது. படித்த நீளம்தான் தப்பு.

கணக்கைப் பாருங்கள். 66,16,51,456 பைட் உள்ள ஒரு ஐஎஸ்ஓவை எடுத்துக்கொள்வோம். டேட்டா டிஸ்க்கில் ஒரு செக்டர் 2048 பைட். வகுத்தால் மீதியில்லாமல் 3,23,072 செக்டர். இதை 'டிராக் அட் ஒன்ஸ்' முறையில் எரித்தால் டிராக்கின் கடைசியில் 2 ரன்-அவுட் செக்டர்கள் சேர்ந்துகொள்ளும். டிஸ்க்கின் அளவைக் கேட்டால் 3,23,074 என்று பதில் வரும். அந்த இரண்டிலும் படிக்க ஒன்றும் கிடையாது. படிக்கப் போனால் இன்புட்-அவுட்புட் எரர். இன்னொரு தொல்லை, கெர்னல் ஒரு செக்டரைக் கேட்கும்போது அடுத்தடுத்த செக்டர்களையும் முன்கூட்டியே கொத்தாக இழுக்கும். அந்தக் கொத்தில் இந்த இரண்டும் மாட்டினால், கூடவே நல்ல செக்டர்களும் எரரில் போய்விடலாம். ஐஎஸ்ஓ கட்டும் பழைய கருவியான எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் காலத்திலிருந்து இமேஜின் வாலில் 150 செக்டர், அதாவது 3,07,200 பைட் பூஜ்ஜியத்தை ஒட்டவைக்கும் வழக்கம் வந்தது இதற்காகத்தான். டிவிடியில் இந்த ரன்-அவுட் சிக்கல் இல்லை. அங்கே எழுதும் அலகு 16 செக்டர், 32 கேபி. கடைசி அலகு நிறையவில்லை என்றால் பூஜ்ஜியம் போட்டு நிரப்பப்படும். அதிகபட்சம் 15 செக்டர் கூடும். ஹேஷ் அடியோடு மாற ஒரு பைட் கூடினாலே போதும்.

ஆகவே டிஸ்க் முழுவதையும் படிக்காமல், ஐஎஸ்ஓவின் நீளம் வரைக்கும் மட்டும் படிக்க வேண்டும்:

டிடி ஐஎஃப்=/டெவ்/எஸ்ஆர்0 பிஎஸ்=2048 கவுண்ட்=323072 | ஷா256சம்

(கட்டளைகள் இங்கே தமிழ் ஒலிப்பில் இருக்கின்றன, முனையத்தில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

மூலக் கோப்பு கையில் இல்லை, டிஸ்க் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஐஎஸ்ஓசைஸ் -எக்ஸ் கட்டளை செக்டர் கணக்கைச் சொல்லும். அது டிஸ்க்கிலேயே எழுதியிருக்கிறது. ஐஎஸ்ஓ 9660 தரத்தில் முதல் 16 செக்டர், 32,768 பைட், சும்மா ஒதுக்கிய இடம். அதை அடுத்து வருவது தலைமை விவரக்குறிப்பு. ஹெக்ஸ் எடிட்டரில் 32,769 என்ற இடத்துக்குப் போனால் சிடி001 என்ற ஐந்து எழுத்து தெரியும். அதே செக்டரின் 80-ஆம் பைட்டில் மொத்தச் செக்டர் எண்ணிக்கை. ஒரே எச்சரிக்கை: சில ஹைப்ரிட் இமேஜ்களில் (டிஸ்க்கிலும் பென் டிரைவிலும் பூட் ஆகும்படி செய்தவை) ஐஎஸ்ஓ முடிந்த பிறகும் ஒரு பார்ட்டிஷன் ஒட்டியிருக்கும். அதனால் மூலக் கோப்பு இருக்கும்போது அதன் பைட் நீளத்தையே நம்புங்கள்.

இறக்கிய கோப்பு

ஐஎஸ்ஓ நம் கைக்கு வந்து பூட் ஆவதற்குள் பல கைமாறுகிறது: சர்வரிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு, அங்கிருந்து டிஸ்க்குக்கோ பென் டிரைவுக்கோ, அதிலிருந்து மெமரிக்கு. ஒரு கட்டத்தில் ஹேஷ் சரியாக வந்தது என்பதால் அடுத்த கட்டத்துக்கு உத்தரவாதம் கிடையாது. முதல் கட்டம்தான் எளிது. லினக்ஸில் ஷா256சம், மேக்கில் ஷாசம் -ஏ 256, விண்டோஸில் சர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல், இல்லையென்றால் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ். கடைசியில் சொன்னதற்கு எந்த முறை என்று சொல்லாவிட்டால் ஷா256 தான் எடுக்கும். சர்ட்யூட்டில் அப்படியில்லை, அதற்கு முறையின் பெயரைக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காமல் விட்டு, வந்த 40 எழுத்து ஷா1-ஐ 64 எழுத்து ஷா256-ஓடு ஒப்பிட்டுத் தலையைச் சொறிபவர்கள் நிறைய. எண்ணைப் பார்த்ததும் நீளத்தை எண்ணுங்கள்: 32 எழுத்து எம்டி5, 40 ஷா1, 64 ஷா256, 128 ஷா512.

கண்ணால் முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்து 'சரி' என்று விடுவது எல்லோரிடமும் உள்ள பழக்கம். தற்செயலான கோளாறைப் பிடிக்க அது போதும். வேண்டுமென்றே ஒருவர் மாற்றியதைப் பிடிக்கப் போதாது. எட்டு ஹெக்ஸ் எழுத்து என்பது 32 பிட், சுமார் 430 கோடி முயற்சி. கோப்பின் கடைசியில் சில பைட்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவருக்கு அது எட்டாத எண்ணிக்கை அல்ல. ஒப்பிடும் வேலையைக் கணினியிடமே விடுங்கள். வெளியிட்டவர்கள் தரும் ஷா256சம்ஸ் கோப்பை ஐஎஸ்ஓ இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்து:

ஷா256சம் -சி --இக்னோர்-மிஸ்ஸிங் ஷா256சம்ஸ்

இக்னோர்-மிஸ்ஸிங் போடாவிட்டால், நீங்கள் இறக்காத மற்ற பத்து ஐஎஸ்ஓக்களுக்கும் 'கோப்பு இல்லை' என்று கத்தும். அந்தக் கூச்சலில் உங்கள் வரி தெரியாமல் போகும்.

ஹேஷ் கோப்பை விண்டோஸில் திறந்து சேமித்திருந்தால், ஷா256சம்மின் பழைய பதிப்புகளில் இன்னொரு விசித்திரம் நடக்கும். ஐஎஸ்ஓ கண்ணெதிரே இருக்கும், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வரும். வரிக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து கோப்பின் பெயரோடு ஒட்டிக்கொண்டதுதான் காரணம். டாஸ்2யூனிக்ஸ் கட்டளையில் ஒருமுறை போட்டு எடுத்தால் சரியாகும். 'சரியான வடிவத்தில் ஒரு வரிகூட இல்லை' என்று சில கருவிகளில் வந்தால், கையால் ஒட்டிய வரியில் ஹேஷுக்கும் கோப்புப் பெயருக்கும் நடுவே ஒரே ஒரு இடைவெளி விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே இரண்டு எழுத்து வேண்டும்: இரண்டு இடைவெளி, அல்லது ஒரு இடைவெளியும் ஒரு நட்சத்திரக் குறியும்.

உண்மையிலேயே ஹேஷ் ஒட்டவில்லை என்றால், மறுபடி இறக்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அதே கோப்புக்கு மூன்று முறை ஹேஷ் எடுங்கள். லினக்ஸ் கோப்பைக் கேஷில் வைத்திருக்கும் என்பதால் நடுநடுவே மெஷினை ரீஸ்டார்ட் செய்தோ கேஷைக் காலி செய்தோ எடுப்பது நல்லது. மூன்று முறையும் ஒரே தப்பான எண் வந்தால் கோப்பு தப்பு: டவுன்லோடு பாதியில் நின்றது, வேறு வெளியீட்டின் ஹேஷோடு ஒப்பிட்டது, இப்படி ஏதாவது. மூன்று முறையும் மூன்று எண் வந்தால் கோப்பை விட்டுவிடுங்கள், மெஷினைப் பாருங்கள். ராம் கெட்டிருக்கலாம், சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம், யூஎஸ்பி உறை சரியில்லாமல் இருக்கலாம். முதல் வேலையாக மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். கெட்ட ராம் உள்ள மெஷினில் பத்து முறை இறக்கினாலும் பத்தும் கெட்டதாகவே தோன்றும். அதே மெஷினில் சிஸ்டத்தை நிறுவினால், கெட்ட பைட்களை ஹார்ட் டிஸ்க்கிலும் எழுதிவைத்துவிட்டு வரும்.

இறக்கிய கோப்பின் அளவு சில கேபி மட்டும் என்றால் ஃபைல் என்ற கட்டளையில் கோப்பைக் கொடுங்கள். எச்டிஎம்எல் என்று சொன்னால், விடுதி வைஃபையின் லாகின் பக்கத்தையோ மிரர் சர்வரின் பிழைப் பக்கத்தையோ ஐஎஸ்ஓ என்ற பெயரில் சேமித்திருக்கிறீர்கள்.

டேட்டா அளந்து கிடைக்கும் இடத்தில், 4 ஜிபி ஐஎஸ்ஓவில் ஏதோ ஒரு துண்டு கெட்டதற்கு முழுவதையும் மறுபடி இறக்குவது வீண். அதே வெளியீட்டின் டோரன்ட் கோப்பைத் திறந்து, கெட்ட ஐஎஸ்ஓவை அதே பெயரில் டோரன்டின் ஃபோல்டரில் வைத்து 'ஃபோர்ஸ் ரீசெக்' கொடுங்கள். டோரன்ட் ஒவ்வொரு துண்டுக்கும் தனி ஹேஷ் வைத்திருக்கிறது. கெட்ட துண்டை மட்டும் இழுத்து ஒட்டிவிடும். ஜெட்சிங்க் கோப்பு தரும் இடங்களில் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

ஹேஷ் யாருடையது?

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளம் தாக்கப்பட்டு, 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பு, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிடப்பட்டது. தளத்தையே ஒருவர் கையில் எடுத்துவிட்டார் என்றால், அங்கே எழுதியிருக்கும் ஹேஷையும் அவர் மாற்றலாம். எம்டி5-ஆ ஷா512-ஆ என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஹேஷ் சொல்வது 'இந்த இரண்டும் ஒன்று' என்பதை மட்டும். 'இது அவர்கள் தந்தது' என்று சொல்ல ஜிபிஜி என்ற கருவியில் இட்ட டிஜிட்டல் கையொப்பம் வேண்டும்.

டெபியனில் ஷா512சம்ஸ் கோப்போடு அதே பெயரில் .சைன் என்று முடியும் கோப்பும், உபுண்டுவில் ஷா256சம்ஸோடு .ஜிபிஜி என்று முடியும் கோப்பும் இருக்கும். கையொப்பம் ஐஎஸ்ஓவுக்கு அல்ல, ஹேஷ் பட்டியலுக்கு. ஜிபிஜி --வெரிஃபை கட்டளைக்கு முதலில் கையொப்பக் கோப்பு, அடுத்து பட்டியல். 'குட் சிக்னேச்சர்' என்ற வரிக்குக் கீழேயே 'இந்தச் சாவி நம்பிக்கையான கையொப்பத்தால் சான்றளிக்கப்படவில்லை' என்று ஒரு எச்சரிக்கை வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கணக்கு சரி, ஆனால் சாவி யாருடையது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று ஜிபிஜி கேட்கிறது. நியாயமான கேள்விதான். சாவியின் 40 ஹெக்ஸ் எழுத்து கைரேகையை முழுவதுமாக, ஐஎஸ்ஓ வந்த வழியில் அல்லாமல் வேறு வழியில் கிடைத்ததோடு ஒப்பிடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டு மெஷின் இருந்தால் அதன் கீரிங்கிலேயே இமேஜ் சாவி இருக்கிறது. கடைசி 8 எழுத்தை மட்டும் பார்ப்பது வீண், அந்த நீளத்துக்குப் போலிச் சாவி தயாரிக்க முடியும்.

எம்டி5-ஐ இன்னும் வைத்திருப்பவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. 2004-லேயே அதன் மோதல்கள் (இரு வேறு தரவுக்கு ஒரே ஹேஷ்) காட்டப்பட்டன, 2017 பிப்ரவரியில் ஷா1-க்கும் காட்டிவிட்டார்கள். ஆனால் பென் டிரைவ் கெட்டதா என்று பார்க்க எம்டி5 தாராளமாகப் போதும். கெட்ட ஃபிளாஷ் செல் சதி செய்வதில்லை.

பென் டிரைவ்

எழுதும் முன் எல்எஸ்பிஎல்கே ஓட்டி அளவையும் மாடலையும் பாருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் மெஷினுக்கு மெஷின், பூட்டுக்கு பூட் மாறும். நேற்று எஸ்டிபி என்றிருந்தது இன்று உங்கள் பேக்கப் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். பிறகு, மவுன்ட் ஆகியிருந்தால் அன்மவுன்ட் செய்துவிட்டு:

டிடி ஐஎஃப்=இமேஜ்.ஐஎஸ்ஓ ஓஎஃப்=/டெவ்/எஸ்டிபி பிஎஸ்=4எம் கான்வ்=எஃப்சிங்க் ஸ்டேட்டஸ்=ப்ராக்ரஸ்

எஸ்டிபி1 அல்ல, எஸ்டிபி. பார்ட்டிஷனுக்குள் எழுதினால் எழுதுவது வெற்றிகரமாக முடியும், பூட் ஆகாது, ஏனென்றால் பயாஸ் தேடும் முதல் 512 பைட் டிரைவின் தொடக்கத்தில் இல்லை. இன்னொரு தவறு இதைவிடச் சுவாரசியமானது. டிரைவைக் கழற்றிவிட்டோ பெயரைத் தப்பாகத் தட்டியோ ரூட்டாக ஓட்டினால் டிடி எரர் காட்டாது. /டெவ் ஃபோல்டரில் அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்றை உருவாக்கி அதில் எழுதும். அந்த ஃபோல்டர் இருப்பது ராமில். வினாடிக்கு ஒரு ஜிபிக்கு மேல் வேகம் காட்டினால் மகிழாதீர்கள், அந்த வேகத்தில் எழுதும் பென் டிரைவ் உங்களிடம் இருக்க வாய்ப்பு குறைவு. கோப்பை அழித்தால்தான் அடுத்த முறை டிரைவைச் செருகும்போது பெயர்க் குழப்பம் வராது.

கான்வ்=எஃப்சிங்க் இல்லாமல் ஓட்டினால், டிடி 'முடிந்தது' என்று சொல்லும்போது கடைசி நூற்றுக்கணக்கான எம்பி ராமிலேயே இருக்கலாம். அந்த நேரத்தில் பிடுங்கினால் இமேஜின் தலை இருக்கும், வால் இருக்காது. இப்படிப்பட்ட டிரைவ் மெனு வரை அழகாக பூட் ஆகி, நிறுவல் பாதியில் 'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' என்று நிற்கும். குறை நிறுவியில் இருக்கிறது என்று நினைத்து வேறு பதிப்பைத் தேடுவார்கள்.

எழுதிய பிறகு டிரைவைக் கழற்றி மறுபடி செருகுங்கள். கழற்றாமல் படித்தால் டிரைவிலிருந்து அல்ல, கேஷிலிருந்தே பைட்கள் வரலாம். கெட்ட டிரைவும் தேறிவிடும். பிறகு ஹேஷுக்குப் பதில் சிஎம்பி பயன்படுத்துவது நம் சிபாரிசு:

சிஎம்பி -என் 661651456 இமேஜ்.ஐஎஸ்ஓ /டெவ்/எஸ்டிபி

ஹேஷ் 'ஒட்டவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். சிஎம்பி எந்த பைட்டில் பிரிகிறது என்று சொல்லும், அந்த இடம்தான் நோயைச் சொல்கிறது. முதல் 512 பைட்டுக்குள் என்றால் பார்ட்டிஷன் அட்டவணையை ஏதோ ஒரு கருவி தொட்டிருக்கிறது. ஹைப்ரிட் இமேஜின் ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன்) அட்டவணை இமேஜின் நீளத்துக்குத் தைத்தது. பெரிய டிரைவில் போட்டதும் 'பின் அட்டவணை சரியான இடத்தில் இல்லை, சரிசெய்யட்டுமா' என்று பார்ட்டிஷன் கருவிகள் கேட்கும். ஆமாம் என்று சொன்னால் அவ்வளவுதான், ஹேஷ் போயிற்று. இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும் இடத்தில் சில பைட் மட்டும் வேறுபட்டால், அந்த ஃபேட் பார்ட்டிஷனை டெஸ்க்டாப் தானாக மவுன்ட் செய்து கொடி பைட்டை மாற்றியிருக்கும், அல்லது விண்டோஸில் செருகியதும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டரை அது போட்டிருக்கும். இரண்டாலும் பூட் கெடாது. ஒரு இடத்துக்குப் பிறகு எல்லாமே பூஜ்ஜியமாகவோ பழைய குப்பையாகவோ இருந்தால் பாதியில் பிடுங்கியது. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் எல்லாம் தாறுமாறு என்றால் டிரைவே போலி: 64 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும் 4 ஜிபி சில்லு. எஃப்3 கருவியோ விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூவோ ஓட்டினால் குட்டு வெளிப்படும்.

ஒருமுறை பூட் செய்த டிரைவை ஹேஷ் பார்ப்பதில் பயனில்லை. உபுண்டு போன்ற சில லைவ் அமைப்புகள் முதல் பூட்டிலேயே மீதி இடத்தில் ஒரு பார்ட்டிஷனை உருவாக்கி அட்டவணையை மாற்றிவிடும். ரூஃபஸில் 'ஐஎஸ்ஓ முறை' தேர்ந்திருந்தாலும் அப்படியே. அது இமேஜை நகலெடுப்பதில்லை, கோப்புகளைப் பிரித்து ஃபேட்32-இல் வைக்கிறது. அங்கே ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் எம்டி5சம்.டிஎக்ஸ்டி கோப்பை வைத்துத்தான் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடியும். டிரைவில் கிடக்கும் ஐஎஸ்ஓ கோப்பையே பூட் செய்யும் வென்டாய் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஐஎஸ்ஓ அங்கே கோப்பாகவே கிடக்கிறது, நேரடியாக ஷா256சம் போடலாம்.

சொந்தமாக இமேஜ் செய்வது

ஒரு ஃபோல்டரை ஐஎஸ்ஓ ஆக்குவதும் பூட் ஆகும் ஐஎஸ்ஓ ஆக்குவதும் வேறு வேறு. 1995-இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் வெளியிட்ட எல் டோரிட்டோ விதியின்படி 17-ஆம் செக்டரில் ஒரு பூட் பதிவு இருக்கவேண்டும். அது பூட் பட்டியல் இருக்கும் செக்டரைக் காட்டும். பட்டியல் பூட் கோப்பைக் காட்டும். ஐஎஸ்ஓவை மவுன்ட் செய்து கோப்புகளை ஃபோல்டருக்கு நகலெடுத்து, ஒன்றைத் திருத்தி மறுபடி ஐஎஸ்ஓ ஆக்கினால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும், ஏனென்றால் அது கோப்புகளில் இல்லை, கோப்புகளுக்கு வெளியே இருக்கிறது. பென் டிரைவில் பூட் ஆவதற்கான எம்பிஆர் (பயாஸ் தேடும் அந்த முதல் 512 பைட்) இருப்பதும் அந்த ஒதுக்கிய 32,768 பைட்டில்தான். அதுவும் நகலில் வராது.

ஆகவே இருக்கும் இமேஜில் ஒரு கோப்பை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஐஎஸ்ஓ கட்டும் கருவியான எக்ஸாரிசோவிடம் விடுங்கள்:

எக்ஸாரிசோ -இன்டெவ் பழையது.ஐஎஸ்ஓ -அவுட்டெவ் புதியது.ஐஎஸ்ஓ -மேப் ப்ரிசீட்.சிஎஃப்ஜி /ப்ரிசீட்.சிஎஃப்ஜி -பூட்_இமேஜ் எனி ரீப்ளே

ரீப்ளே என்ற சொல்தான் உயிர். பழைய இமேஜில் எந்தெந்த பூட் ஏற்பாடு இருந்ததோ அத்தனையையும் புதியதில் மறுபடி செய்துவைக்கும். முந்தைய முயற்சியின் கோப்பு அதே பெயரில் கிடந்தால் முதலில் அழித்துவிடுங்கள்.

முழுவதையும் புதிதாகக் கட்டவேண்டிய நிலை வந்தால், நல்ல இமேஜ் ஒன்றை -இன்டெவ்வில் கொடுத்து -ரிப்போர்ட்_எல்_டோரிட்டோ ஆஸ்_எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் என்று கேளுங்கள். அதை எந்தெந்த விருப்பங்களோடு கட்டினார்கள் என்று வரிவரியாகக் கக்கும். ஐசோலினக்ஸ் என்ற பூட் நிரல் உள்ள இமேஜில் மூன்று விருப்பங்கள் ஒட்டிக்கொண்டே வரும்: நோ-எமுல்-பூட், பூட்-லோட்-சைஸ் 4, பூட்-இன்ஃபோ-டேபிள். அந்த 4 என்பது 512 பைட் கணக்கில். மொத்தம் 2048, ஒரு செக்டர். மூன்றாவது விருப்பம் பூட் கோப்பின் 8-ஆம் பைட்டிலிருந்து 56 பைட் அட்டவணை ஒன்றைத் திணிக்கும். இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது: எம்டி5சம்.டிஎக்ஸ்டியை முன்பே தயாரித்துவிட்டு இமேஜ் கட்டினால், ஐசோலினக்ஸ்.பின் மட்டும் சரிபார்ப்பில் தோற்கும். ஐஎஸ்ஓ கட்டும் இன்னொரு கருவியான ஜெனிசோஇமேஜ் ஒரு படி மேலே போய் உங்கள் மூல ஃபோல்டரில் உள்ள கோப்பையே திருத்திவிடும். பட்டியல் தயாரிக்கும்போது ஐசோலினக்ஸ்.பின், பூட்.கேட் இரண்டையும் விட்டுவிடுவதே வழக்கம்.

வால்யூம் பெயரை அழகுக்காக மாற்றாதீர்கள். ஃபெடோரா போன்றவை பூட் வரியில் லேபிள் பெயரைச் சொல்லித்தான் இரண்டாம் கட்டத்தைத் தேடுகின்றன. பெயர் மாறினால் கெர்னல் ஏறும், கொஞ்ச நேரம் சும்மா நிற்கும், பிறகு டிராக்கட் அவசர ஷெல்லில் கொண்டுபோய் விடும். 32 எழுத்துக்கு மேல் பெயர் வைக்கவும் முடியாது.

ஒரே ஃபோல்டரை இரண்டு முறை ஐஎஸ்ஓ ஆக்கினால் இரண்டு ஹேஷ் வரும். இதில் குறை எதுவும் இல்லை; உருவாக்கிய நேரம் தலைமை விவரக்குறிப்பிலேயே எழுதப்படுகிறது, ஜிபிடி அடையாள எண்களும் ஒவ்வொரு முறையும் புதிது. ஒரே ஹேஷ் வேண்டும் என்றால் சோர்ஸ்_டேட்_எபோக் என்ற சூழல் மாறிக்கு ஒரு நிலையான நேரத்தைக் கொடுத்துவிட்டு எக்ஸாரிசோவை ஓட்டுங்கள்.

டிஸ்க்கில் எரிக்கப்போவது என்றால் அளவைப் பைட்டில் பாருங்கள். 80 நிமிட சிடிக்கு 73,72,80,000. டிவிடி-ஆர் 4,70,73,19,808 கொள்ளும், டிவிடி+ஆர் 4,70,03,72,992 மட்டும். கிட்டத்தட்ட 69 லட்சம் பைட் வித்தியாசம். விளிம்பில் இருக்கும் இமேஜ் ஒன்றில் அடங்கும், மற்றதில் அடங்காது. எரிக்கும் மென்பொருளில் 'இமேஜை எழுது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா டிஸ்க் என்று தேர்ந்து ஐஎஸ்ஓவை இழுத்துப் போட்டால், உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு உள்ள டிஸ்க் கிடைக்கும். இத்தனை வருடம் கழித்தும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

விண்டோஸ் இமேஜ் தனிச் சாதி. அது யூடிஎஃப் அமைப்பில் இருக்கிறது, ஹைப்ரிட் அல்ல. டிடியில் எழுதினால் பூட் ஆகாது. யூடிஎஃப் தெரியாத கருவியில் திறந்தால் ஒரே ஒரு ரீட்மீ கோப்பு மட்டும் தெரியும், 'இந்த டிஸ்க்கில் யூடிஎஃப் இருக்கிறது' என்று. ஐஎஸ்ஓ கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. ஃபேட்32 பார்ட்டிஷனில் கோப்புகளை நகலெடுப்பது வழக்கமான வழி, ஆனால் அங்கே ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்டக் கூடாது. விண்டோஸின் நிறுவல் கோப்பான இன்ஸ்டால்.விம் பல வெளியீடுகளில் தாண்டும். விம்லிப்-இமேஜ்எக்ஸ் ஸ்ப்ளிட், அல்லது டிஸ்ம் கருவியின் ஸ்ப்ளிட்-இமேஜ் கொண்டு 3800 எம்பி துண்டுகளாக வெட்டி, .எஸ்டபிள்யூஎம் கோப்புகளை அதே சோர்சஸ் ஃபோல்டரில் வைத்தால் நிறுவி தானாக எடுத்துக்கொள்ளும்.

கட்டிய இமேஜை உடனே பென் டிரைவில் எழுதி மெஷின் மெஷினாக அலைய வேண்டாம். மெய்நிகர் மெஷின் ஓட்டும் க்யூஇஎம்யூவில் நான்கு முறை ஏற்றிப் பாருங்கள்: சிடியாகவும் ஹார்ட் டிஸ்க்காகவும், ஒவ்வொன்றையும் பழைய பயாஸிலும், ஓவிஎம்எஃப் என்ற ஃபர்ம்வேர் போட்டு புதிய வகை யூஇஎஃப்ஐயிலும். சிடியாகக் கொடுத்தால் எல் டோரிட்டோ வழி சோதிக்கப்படும், ரா டிரைவாகக் கொடுத்தால் எம்பிஆர், ஜிபிடி வழி. மூன்று தேறி ஒன்று தோற்பதுதான் வழக்கம், தோற்றது எது என்று தெரிந்தால் எந்த விருப்பம் விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். நான்கும் தேறி உண்மையான மெஷினில் மட்டும் 'ஷிம் எஸ்பேட் சரிபார்ப்பு தோல்வி' என்று நின்றால் ஹேஷிலோ எழுதிய விதத்திலோ தேடாதீர்கள். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல மெஷின்களில் பழைய ஷிம் (செக்யூர் பூட்டுக்காக முதலில் ஓடும் சிறு நிரல்) உள்ள இமேஜ்களை செக்யூர் பூட் ஏற்பதில்லை. புதிய வெளியீட்டை இறக்குங்கள்.

எல்லாம் முடிந்து அடுத்தவருக்குக் கொடுக்க ஹேஷ் பட்டியல் எழுதும்போது, ஐஎஸ்ஓ இருக்கும் ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டு எழுதுங்கள். வெளியே நின்று எழுதினால் உங்கள் மெஷினின் ஃபோல்டர் பாதையும் பட்டியலில் ஏறிவிடும், வாங்கியவரிடம் கோப்பு இருந்தும் கிடைக்காது. ஷா256சம்முக்கு நட்சத்திரக் குறி மட்டும் கொடுத்து அதே ஃபோல்டரில் ஷா256சம்ஸ் என்ற கோப்புக்குத் திருப்பிவிடுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. முந்தைய முயற்சியின் பட்டியல் அங்கே ஏற்கெனவே கிடந்தால், கட்டளை ஓடும் முன்பே ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவைக்கும், பட்டியலில் பட்டியலே ஒரு வரியாக ஏறும். இ3பி0சி442 என்று தொடங்கும் வரியைப் பார்த்தால் அதுதான்: வெறுங்கோப்பின் ஷா256. வாங்கியவர் ஒவ்வொரு முறை சரிபார்க்கும்போதும் அந்த ஒரு வரி மட்டும் தோற்கும். நட்சத்திரத்துக்குப் பின்னால் .ஐஎஸ்ஓ என்று சேர்த்து எழுதினால் அந்த வரி வராது.